இரண்டாவது கடை மூடினால் யாருக்கு நட்டம்?

ஒவ்வொரு ஆகஸ்ட் மாதமும் என் வாட்ஸ்அப்புக்கு ஒரே மாதிரியான செய்திகள் வர ஆரம்பித்துவிடும். "தம்பி, பொண்ணு யூனிவர்சிட்டி போறா. லேப்டாப் வாங்கணும். இன்டெல் நல்லதா, ஏஎம்டி நல்லதா?" ஐடியில் வேலை செய்கிறவனுக்கு பிரின்டர் ரிப்பேர் முதல் பிராசஸர் வரை எல்லாம் தெரிந்திருக்கும் என்பது நம் ஆட்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. நானும் அந்தந்த வருட நிலவரத்தைப் பார்த்து ஒரு பதில் சொல்லிவிடுவேன்.

ஒருமுறை ஒரு மாமா என்னை மடக்கினார். "மூத்தவனுக்கு வாங்கும்போது இன்டெல்னு சொன்னே. இப்போ சின்னவளுக்கு ஏஎம்டிங்கிறே. ஒரு பேச்சுல நிக்கவே மாட்டியா?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் என் பதில் இப்படி மாறிக்கொண்டே இருப்பதுதான் வாங்குகிற நமக்கு நல்லது. அது மாறாமல் நின்ற ஒரு காலமும் உண்டு. கிட்டத்தட்ட ஆறு வருடம், யார் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு "இன்டெல்" என்று சொல்லலாம். அந்த ஆறு வருடமும் நாம் கொடுத்த காசுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை. அதை அப்போது நம்மில் பெரும்பாலானோர் கவனிக்கவும் இல்லை.

ஏறாத விலையும் ஏமாற்றும்

2011 ஜனவரியில் இன்டெல் 'கோர் ஐ7-2600கே' என்ற பிராசஸரை வெளியிட்டது. நான்கு கோர். விலை 317 டாலர். 2017 ஜனவரியில் அதே வரிசையில் வந்தது 'ஐ7-7700கே'. அதுவும் நான்கு கோர்தான். விலை 339 டாலர். ஆறு வருடத்தில் 22 டாலர் மட்டுமே கூடியிருக்கிறது. "விலைவாசி ஏறின ஏற்றத்துக்கு இது ஒண்ணுமே இல்லையே, அப்புறம் என்ன குறை?" என்று கேட்கத் தோன்றும்.

குறை அங்கேதான் இருக்கிறது. அரிசி விலை ஆறு வருடம் ஏறாமல் இருந்தால் சந்தோஷப்படலாம். கம்ப்யூட்டர் சிப் அரிசி மாதிரி கிடையாது. டிரான்சிஸ்டர்கள் சுருங்கச் சுருங்க, அதே பரப்பளவில் இரண்டு மடங்கு வேலை செய்ய வைக்கலாம் என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படையே. அந்த ஆறு வருடத்தில் இன்டெல் 32 நானோமீட்டரிலிருந்து 14 நானோமீட்டருக்கு வந்துவிட்டது. புதிய தொழில்நுட்பத்தில் ஒரு வேஃபர் தயாரிக்கும் செலவும் கூடியது என்பது உண்மைதான். என்றாலும் சிப்பின் அளவு நன்றாகவே சுருங்கியது. அதில் மிச்சமான இடத்தில் நமக்கு இன்னும் இரண்டு கோர் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. கொடுத்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை.

ஏன் இல்லை? ஏஎம்டி அப்போது படுத்துவிட்டது. 2011 அக்டோபரில் அவர்கள் 'புல்டோசர்' என்ற வடிவமைப்பைக் கொண்டு வந்தார்கள். எட்டு கோர் என்று விளம்பரம். வாங்கிப் போட்டுப் பார்த்தால் மின்சாரம் அதிகம் இழுத்தது, பல வேலைகளில் இன்டெலின் நான்கு கோரைத் தாண்ட முடியவில்லை. 2009இலேயே தங்கள் தொழிற்சாலைகளைத் தனி நிறுவனமாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். 2013இல் ஆஸ்டினில் இருந்த தங்கள் வளாகத்தையே விற்று, அதிலேயே வாடகைக்கு இருந்தார்கள். 2015இல் ஏஎம்டியின் பங்கு விலை இரண்டு டாலருக்கும் கீழே போனது.

கடைத்தெருவில் இரண்டு பெயர்ப்பலகை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. இரண்டாவது கடையில் வாங்கத் தகுந்த சரக்கு இல்லை. பெயருக்கு ஒரு போட்டியாளர் இருந்தால் மட்டும் விலை குறைந்துவிடாது என்பதை அந்த ஆறு வருடம் நமக்குக் காட்டியது.

ஒன்பது மாதத்தில் நடந்தது

2017 மார்ச் 2ஆம் தேதி ஏஎம்டியின் 'ரைசன்' வந்தது. எட்டு கோர் கொண்ட ரைசன் 7 1800எக்ஸ் 499 டாலர். அதன் தம்பி 1700, அதுவும் எட்டு கோர், 329 டாலர். அன்றைக்கு இன்டெலிடம் எட்டு கோர் வேண்டுமென்றால் 'ஐ7-6900கே'தான். விலை ஆயிரம் டாலருக்கு மேல். பத்து கோர் கேட்டால் 1,723 டாலர்.

கேமிங்கில் இன்டெல் அப்போதும் கொஞ்சம் முன்னால்தான் இருந்தது. ஆனால் வீடியோ எடிட்டிங், கோடு கம்பைல் செய்வது போன்ற வேலைகளுக்குப் பாதி விலையில் அதே அளவு திறன் கிடைத்தது.

அதே வருடம் அக்டோபரில் இன்டெல் என்ன செய்தது என்று பாருங்கள். ஜனவரியில் அவர்களுடைய ஐ5-7400 நான்கு கோர், 182 டாலர். அக்டோபரில் வந்த ஐ5-8400, அதே 182 டாலருக்கு ஆறு கோர். நான்கு கோர் போதும் என்பவருக்கு ஐ3-8100, வெறும் 117 டாலர். ஆறு வருடம் அசையாத தேர் ஒன்பதே மாதத்தில் நகர்ந்தது.

இங்கே ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஒரு சிப்பை வடிவமைத்து வெளியே கொண்டுவர மூன்று, நான்கு வருடம் ஆகும். ரைசனைப் பார்த்த பிறகு இன்டெல் உட்கார்ந்து ஆறு கோர் சிப்பை வரைந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சரக்கு அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்திருக்கும். அதை எப்போது இறக்குவது, எந்த விலையில் இறக்குவது என்பதைத்தான் போட்டி முடிவு செய்கிறது.

மேல்தட்டுச் சிப்களில் இது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. 2017 செப்டம்பரில் இன்டெலின் 18 கோர் பிராசஸர் 1,999 டாலர். 2019 நவம்பரில் அடுத்த 18 கோர் 979 டாலர். இரண்டே வருடத்தில் பாதி. தயாரிப்புச் செலவு திடீரென்று பாதியாகிவிடவில்லை. இரண்டும் அதே 14 நானோமீட்டர் குடும்பத்தில் செய்யப்பட்டவைதான். லாபத்தில் எவ்வளவு இடம் இருந்தது என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது.

ஏஎம்டி ஒன்றும் தர்மகர்த்தா இல்லை

இந்த இடத்தில் ஏஎம்டி ரசிகர்கள் கை தட்டுவார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

2005இல் ஏஎம்டிதான் முன்னணியில் இருந்தது. அவர்களுடைய இரட்டைக் கோர் 'அத்லான் 64 எக்ஸ்2' வந்தபோது அதில் மலிவானதே 500 டாலருக்கு மேல். உச்சியில் இருந்தது ஆயிரம் டாலர். 2006 ஜூலையில் இன்டெல் 'கோர் 2 டூயோ'வை 183 டாலரில் இருந்து கொண்டு வந்தது. அதே மாதம் ஏஎம்டி தன் சிப்களின் விலையைப் பாதி அளவுக்கு வெட்டியது. பிறகு இரண்டு பேரும் நான்கு கோருக்காக மோதினார்கள். 2007 ஜனவரியில் 851 டாலருக்கு வந்த இன்டெலின் 'க்யூ6600', ஜூலையில் 266 டாலர். அந்தக் காலத்தில் கல்லூரியில் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்கும்.

2020லும் இதே கதைதான். நவம்பரில் ரைசன் 5000 வரிசை வந்தது. கேமிங்கிலும் இன்டெலை முந்தியாகிவிட்டது. உடனே என்ன நடந்தது? முந்தின தலைமுறையில் 249 டாலருக்கு விற்ற 3600எக்ஸின் இடத்தில் 5600எக்ஸ் வந்தது, விலை 299. 199 டாலருக்கு எல்லோரும் வாங்கிக்கொண்டிருந்த 3600 போன்ற மலிவு ரகம் புதிய வரிசையில் கடைக்கே வரவில்லை. 2022 ஜனவரியில் இன்டெல் 192 டாலருக்கு ஐ5-12400ஐ இறக்கியது. அந்த ஏப்ரலில் ஏஎம்டிக்கு ஞானோதயம் வந்தது. 5600 என்ற சிப், 199 டாலர்.

கவனித்தீர்களா? முன்னால் ஓடுகிறவன் யாராக இருந்தாலும் விலையை ஏற்றுகிறான். பின்னால் ஓடுகிறவன் குறைக்கிறான். இதில் நல்லவன், கெட்டவன் என்று யாரும் இல்லை. இரண்டுமே பங்குதாரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கம்பெனிகள். "நான் ஏஎம்டி ஆளு", "நான் இன்டெல் ஆளு" என்று நாம் கட்சி பிரித்துக்கொள்வதில் அவர்களுக்கு மட்டும்தான் லாபம்.

இரண்டாவது கடை எப்படி வந்தது?

1981இல் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டருக்கு இன்டெலின் 8088 சிப்பை எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு கம்பெனியை நம்பி இருக்க ஐபிஎம் தயாராக இல்லை, இன்னொரு தயாரிப்பாளரும் வேண்டும் என்றது. அப்படித்தான் 1982 ஒப்பந்தத்தின்படி ஏஎம்டி உள்ளே வந்தது. வாங்குகிறவர் வற்புறுத்தியதால்தான் இந்தப் போட்டியே பிறந்தது என்று சொல்லலாம்.

1985இல் 386 வந்தபோது அதைத் தான் மட்டுமே தயாரிப்பதாக இன்டெல் முடிவு செய்தது. வழக்கு, மத்தியஸ்தம் என்று வருடக்கணக்கில் இழுத்தது. ஏஎம்டியின் 386 சந்தைக்கு வர 1991 ஆகிவிட்டது.

அடுத்த சண்டை கடை அலமாரிக்காக. 2009 மே மாதம் ஐரோப்பிய ஆணையம் இன்டெலுக்கு 106 கோடி யூரோ அபராதம் விதித்தது. கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களுக்கு நிபந்தனையோடு தள்ளுபடி கொடுத்தது ஒரு குற்றச்சாட்டு. ஏஎம்டி சிப் போட்ட மாடல்களைத் தாமதப்படுத்தவோ நிறுத்தவோ பணம் கொடுத்தது இன்னொன்று. அதே வருடம் நவம்பரில் இன்டெல் ஏஎம்டிக்கு 125 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. தள்ளுபடி பற்றிய பகுதியை ஐரோப்பிய நீதிமன்றம் 2022இல் ரத்து செய்தது, 2024இல் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. பணம் கொடுத்துத் தாமதப்படுத்திய விவகாரம் மட்டும் நின்றது. அதற்காக 2023இல் ஆணையம் புதிதாக ஒரு சிறிய அபராதம் போட்டது.

அமெரிக்காவில் டெல் கதை இன்னும் சுவாரசியம். 2006 வரை டெல் இன்டெல் சிப்களை மட்டுமே பயன்படுத்தியது. இன்டெலிடமிருந்து வந்த பணத்தை முதலீட்டாளர்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று பங்குச் சந்தை ஆணையம் குற்றம் சாட்டியது. ஒரு காலாண்டில் அந்தப் பணம் டெல்லின் செயல்பாட்டு லாபத்தில் 76 சதவீதம் அளவுக்கு இருந்தது என்றது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 2010இல் டெல் 10 கோடி டாலர் கட்டியது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், "எது நல்ல சரக்கோ அது தானா ஜெயிக்கும்" என்பது பாதி உண்மைதான். 2003 முதல் 2006 வரை ஏஎம்டியிடம் நல்ல சரக்கு இருந்தது. ஆனால் கடையில் போய் நின்ற நம் அப்பா அம்மாவின் கண்ணுக்கு எத்தனை ஏஎம்டி கம்ப்யூட்டர் பட்டது? போட்டி நடப்பதற்கு நல்ல இன்ஜினியர்கள் மட்டும் போதாது. நேர்மையான கடைத்தெருவும், அதைக் கண்காணிக்கிற அதிகாரிகளும் வேண்டும். அந்தத் தீர்ப்புகள் வந்து சேர பதினைந்து வருடம் ஆகிறது என்பதுதான் வருத்தம்.

இப்போது காற்று எந்தப் பக்கம்?

இன்றைக்கு நிலைமை தலைகீழ். 2024 ஆகஸ்டில் இன்டெல் 15 சதவீத ஊழியர்களைக் குறைப்பதாக அறிவித்தது. டிவிடெண்டையும் நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசே இன்டெலில் சுமார் 10 சதவீதப் பங்கை எடுத்தது. அடுத்த மாதம் என்விடியா 500 கோடி டாலர் முதலீடு செய்வதாகச் சொன்னது. இன்டெல் ரசிகனாக இல்லாத எனக்கே இந்தச் செய்திகளைப் படிக்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. வேலை போன நண்பர்களை நினைத்து ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இன்டெல் படுத்துவிட்டால் ஏஎம்டிக்கு 2011 திரும்பி வந்துவிடும், இந்த முறை ராஜா வேறு ஆள் என்ற கவலை.

ஆப்பிள் 2020இல் தன் சொந்த எம்1 சிப்பைக் கொண்டு வந்ததும், குவால்காம் விண்டோஸ் லேப்டாப்களுக்குள் நுழைந்ததும் ஓர் ஆறுதல். இன்டெல், ஏஎம்டி சண்டைக்கு வெளியேயும் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆனால் இதன் அடியில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏஎம்டி, ஆப்பிள், என்விடியா, குவால்காம் எல்லோருமே தங்கள் முக்கியமான சிப்களை தைவானின் டிஎஸ்எம்சியிடம்தான் கொடுத்துச் செய்கிறார்கள். சமீபத்திய சில இன்டெல் சிப்களின் முக்கியப் பகுதிகளும் அங்கேதான் தயாராகின. டிஎஸ்எம்சிக்குத் தேவையான ஈயூவி இயந்திரத்தை உலகத்திலேயே செய்வது நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் ஒன்றுதான். மேலே நாலைந்து கடை, பின்னால் ஒரே சமையல்கூடம். அங்கே கூலி ஏறினால் எல்லா இலையிலும் விலை ஏறும்.

போட்டி மெலிந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்துத் தெருவிலேயே உதாரணம் இருக்கிறது. 2017இல் என்விடியாவின் 1080 டிஐ கிராபிக்ஸ் கார்டு 699 டாலர். 2025இல் அவர்களுடைய உச்ச ரக 5090, 1,999 டாலர். ஏஐ வந்ததும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனால் மேல்தட்டில் அவர்களை முட்டிப் பார்க்க ஆள் இல்லை என்பதும் காரணம். ராம் சந்தையில் பெரிய ஆட்கள் மூன்றே பேர்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ டேட்டா சென்டர்கள் வந்து குவிந்ததும், 2025 கடைசியில் ராம் விலை எகிறியது. டிசம்பரில் மைக்ரான், சாதாரண மக்களுக்கு விற்கும் தன் 'குரூஷியல்' பிராண்டையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. பெரிய வாடிக்கையாளர் வந்தால் சின்ன வாடிக்கையாளரை வாசலில் நிற்க வைக்கிற தைரியம், வேறு கடை இல்லாதபோதுதான் வரும்.

நாம் என்ன செய்யலாம்?

உலகச் சந்தையில் நாம் ஒரு தூசுதான். ஆனாலும் இங்கே செப்டம்பருக்கு ஒரு லேப்டாப், ஊரில் தங்கச்சி மகனுக்கு ஒன்று, சூட்கேஸில் வைத்துக் கொண்டுபோக இன்னொன்று என்று வாங்கிக்கொண்டே இருக்கிற சமூகம் நம்முடையது. சில விஷயங்கள் நம் கையில் இருக்கின்றன.

முதலாவது, ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாறாதீர்கள். "ஐ7 போட்டது" என்றால் போதும் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. 2016இல் வந்த லேப்டாப் சிப் ஐ7-7500யூ. பெயர்தான் ஐ7, உள்ளே இரண்டே கோர். அடுத்த வருடம் வந்த ஐ5-8250யூவில் நான்கு கோர். பெயரில் சின்னது, வேலையில் பெரியது. ஏஎம்டியும் பழைய வடிவமைப்புக்குப் புது எண் ஒட்டி விற்பதில் சளைத்ததில்லை. முழு மாடல் எண்ணையும் தேடிப் பார்த்து, எந்த வருட வடிவமைப்பு, எத்தனை கோர் என்று உறுதி செய்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, போட்டியின் பலன் அதிகம் கிடைப்பது போன தலைமுறைச் சரக்கில்தான். புதியது வந்தவுடன் பழையதின் விலை இறங்கும். படிக்கிற பிள்ளைக்கும், ஊரில் வங்கிக் கணக்கு பார்க்கிற அப்பாவுக்கும் அது தாராளமாகப் போதும். மிச்சமாகும் காசில் ராம் கூடுதலாக உள்ள மாடலை எடுங்கள். பல லேப்டாப்களில் பிறகு கூட்ட முடியாது.

மூன்றாவது, நம்மில் பலர் அலுவலகங்களில் கொள்முதல் பட்டியலில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் இருக்கிறோம். தமிழ்ப் பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும் பத்து, இருபது என்று மொத்தமாக வாங்குகிறோம். "எப்பவும் இதுதான் வாங்குவோம்" என்று ஒரே கம்பெனிப் பெயரை எழுதாமல், இரண்டு தரப்பிலும் விலை கேளுங்கள். 1981இல் ஐபிஎம் செய்ததும் அதுதான்.

நான்காவதாக, பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. யூடியூப் கமெண்ட்டில் உங்கள் பிராண்டுக்காகச் சண்டை போடாதீர்கள். அந்தக் கம்பெனி உங்களுக்காகச் சண்டை போடாது.

மாமாவுக்கு வருகிறேன். நீங்கள் கேட்டது சரிதான் மாமா, நான் ஒரு பேச்சில் நிற்கவில்லை. அடுத்த ஆகஸ்டில் கேட்டால் இன்னொரு பெயரைச் சொன்னாலும் சொல்வேன். எந்த வருடம் கேட்டாலும் யோசிக்காமல் ஒரே பெயரை நான் சொல்ல ஆரம்பித்தால், அப்போது பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.